வாசகர் கேள்வி-பதில்: அலுவலகத் தொலைபேசி அமைப்பைக் கண்காணிக்க எஸ்என்எம்பி வி3

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் அலுவலகத்தில் லினக்ஸில் ஓடும் ஆஸ்டெரிஸ்க் பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) இருக்கிறது. 120 எக்ஸ்டென்ஷன், ஒரு பிஆர்ஐ லைன். ஏஎம்சி எடுத்தவர்கள் கண்காணிப்புக்காக எஸ்என்எம்பி (கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறியும் நெறிமுறை) வி2சி போட்டு, அதன் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கை ‘பப்ளிக்’ என்றே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆடிட்டர் மாற்றச் சொல்கிறார். உள் நெட்வொர்க்தானே, இதில் என்ன ஆபத்து? மாற்றுவதென்றால் எப்படி?

ஆடிட்டர் பக்கம்தான் நியாயம். வி2சி-யில் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் எந்த மறைப்பும் இல்லாமல் பாக்கெட்டிலேயே போகிறது. ‘பப்ளிக்’ என்றால் அதை ஒட்டுக்கேட்கக்கூட வேண்டாம், முதல் யூகத்திலேயே கிடைத்துவிடும். வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தகவல் மரம் (ஒவ்வொரு விவரத்துக்கும் புள்ளியிட்ட ஓர் எண் கொண்ட அடுக்கு) முழுவதையும் படிக்கத் திறந்துவிடுவார்கள். அப்போது 1.3.6.1.2.1.25.4.2.1.5 என்ற எண்ணில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸும் எந்த ஆர்க்யுமெண்டுகளோடு தொடங்கப்பட்டது என்பது வரிசையாக வரும். பேக்கப் ஸ்கிரிப்ட்டில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாராவது நேரடியாகக் கொடுத்திருந்தால், அது ஓடும் நேரத்தில் அதுவும் அங்கே தெரியும். ஏஆர்பி அட்டவணையில் அதே நெட்வொர்க்கில் உள்ள போன்களின் ஐபி முகவரிகள் கிடைக்கும். வைரஸ் புகுந்த ஒரே ஒரு கணக்கர் கம்ப்யூட்டர் போதும், அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டுகளைத் தட்டிப் பார்க்கத் தொடங்கலாம். அதன் விளைவு ராத்திரியோடு ராத்திரியாக ஏறும் ஐஎஸ்டி பில்.

வி3 2002-இல் முழுத் தரமாக ஏற்கப்பட்டது. கேட்பவர் யார் என்று சரிபார்ப்பது, பாக்கெட்டை என்கிரிப்ட் செய்வது இரண்டும் அதில் உண்டு. ஆனால் வி3 என்று பெயருக்கு வைத்துவிட்டு என்கிரிப்ஷனை விட்டுவிடுகிற வழியும் அதிலேயே இருக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில், பிபிஎக்ஸில் எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் தரும் ஏஜென்ட்டான எஸ்என்எம்பிடி சர்வீஸை நிறுத்துங்கள். ஓடும்போது யூசரைச் சேர்த்தால், சர்வீஸ் நிற்கும்போது தன் நினைவில் உள்ளதை எழுதி நீங்கள் சேர்த்த வரியை அழித்துவிடும். “யூசர் போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், காணோம்” என்ற புகாருக்கு இதுதான் காரணம்.

அடுத்து, நெட்-எஸ்என்எம்பி-கிரியேட்-வி3-யூசர் என்ற கருவியை ஓட்டுங்கள். இதில் மூன்று பொறிகள் உள்ளன. ‘மைனஸ் ஆர்ஓ’ கொடுக்காவிட்டால் அது படிக்கவும் எழுதவும் உரிமையுள்ள யூசரை உருவாக்கும். அல்காரிதம் சொல்லாவிட்டால் எம்டி5, டிஇஎஸ் என்ற பழைய ஜோடியை எடுத்துக்கொள்ளும். எஸ்ஹெச்ஏ, ஏஇஎஸ் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே தட்டினால் ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும், எனவே அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், கருவியே கேட்கும். சரிபார்ப்புக்கு ஒன்று, என்கிரிப்ஷனுக்கு வேறொன்று என இரண்டு பாஸ்வேர்டுகள் தேவை. குறைந்தது 8 எழுத்து என்பது விதி. 20 எழுத்து வையுங்கள். டாலர், ஹேஷ், மேற்கோள் குறிகளைத் தவிருங்கள், ஷெல்லோ கோப்போ அவற்றை விழுங்கிவிடும்.

கருவி எஸ்என்எம்பிடி.கான்ஃப் கோப்பில் ‘ஆர்ஓயூசர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கும் (கோப்பு சில டிஸ்ட்ரோவில் இடிசி-க்குள், சிலவற்றில் யூஎஸ்ஆர்-ஷேருக்குள் இருக்கும், கருவியே இடத்தைக் காட்டும்). அதை அப்படியே விடாதீர்கள். யூசர் பெயருக்குப் பிறகு எதுவும் இல்லையென்றால் ‘ஆத்’ மட்டும் போதும் என்று பொருள். அதாவது என்கிரிப்ட் செய்யாமல் கேட்டாலும் பதில் போகும், அதுவும் மரம் முழுவதற்கும். பெயருக்குப் பின் ‘ப்ரிவ்’ என்ற சொல், அதற்குப் பின் ‘மைனஸ் பெரிய வி’, அதன்பின் ஒரு வியூவின் (படிக்க அனுமதிக்கும் கிளைகளின் பட்டியல்) பெயர் என்று வரியை முடியுங்கள். அந்த வியூவில் சேர்க்க வேண்டியவை: கணினி விவரம் 1.3.6.1.2.1.1, இன்டர்ஃபேஸ்கள் 1.3.6.1.2.1.2, அவற்றின் 64-பிட் கவுன்ட்டர்கள் 1.3.6.1.2.1.31, டிஸ்க் மற்றும் மெமரி 1.3.6.1.2.1.25, சிபியு லோடு 1.3.6.1.4.1.2021, ஆஸ்டெரிஸ்க் 1.3.6.1.4.1.22736. ப்ராசஸ் பட்டியலான 1.3.6.1.2.1.25.4-ஐ அதே வியூவில் விலக்கி வையுங்கள். பழைய ‘ஆர்ஓகம்யூனிட்டி’ வரி, டிஸ்ட்ரோவோடு வந்த ‘காம்2செக்’ வரி எல்லாவற்றையும் நீக்குங்கள். வி3 சேர்த்துவிட்டு வி2சி-யை அப்படியே வைத்திருந்தால் செய்த வேலைக்கு அர்த்தமில்லை.

டெபியன், உபுண்டு வகையில் சர்வீஸ் 127.0.0.1-இல் மட்டும்தான் காது கொடுக்கும். ‘ஏஜென்ட்அட்ரஸ்’ வரியில் பிபிஎக்ஸின் நிர்வாக ஐபி-யைச் சேர்க்க வேண்டும். எல்லா இன்டர்ஃபேஸிலும் திறப்பது வேண்டாம். ஃபயர்வாலில் யூடிபி 161-ஐக் கண்காணிப்பு சர்வரின் ஒரே ஐபி-க்கு மட்டும் விடுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் (ஆஸ்டெரிஸ்க்கை வலைப்பக்கம் வழியே நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு குறுக்குவழி எடுக்கிறார்கள்: கண்காணிப்பு சர்வரை ‘ட்ரஸ்டட்’ மண்டலத்தில் போட்டுவிடுவது. அந்த மண்டலத்துக்கு எல்லாப் போர்ட்டுமே திறந்திருக்கும். 161-ஐத் தனி சர்வீஸாகச் சேர்த்து, அதை மட்டும் ‘லோக்கல்’ மண்டலத்துக்குக் கொடுத்து, சர்வரை அங்கே வையுங்கள்.

சர்வீஸைத் தொடங்கிய பிறகு நான்கு சோதனைகள். கண்காணிப்பு சர்வரிலிருந்து ‘ஆத்ப்ரிவ்’ (சரிபார்ப்பும் என்கிரிப்ஷனும்) நிலையில் 1.3.6.1.2.1.1.3.0 கேட்டால் பதில் வர வேண்டும். அதே யூசரில் ‘ஆத்நோப்ரிவ்’ (என்கிரிப்ஷன் இல்லாமல்) என்று கேட்டால் மறுப்பு வர வேண்டும். வி2சி ‘பப்ளிக்’ என்று கேட்டால் டைம்அவுட் ஆக வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து சரியான பாஸ்வேர்டோடு கேட்டாலும் டைம்அவுட் ஆக வேண்டும். பலர் முதல் சோதனையோடு எழுந்து போய்விடுகிறார்கள். ஆடிட்டருக்குக் காட்ட வேண்டியது மற்ற மூன்றும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: வி3 அமைத்து மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிபிஎக்ஸ் விர்ச்சுவல் மெஷினில் அப்டேட் சொதப்பியதால் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினோம். அதிலிருந்து ‘நாட் இன் டைம் விண்டோ’ என்று வருகிறது. என்டிபி சரிபார்த்தேன், இரண்டு கடிகாரமும் நொடி சுத்தம்.

கடிகாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வி3 பார்ப்பது சுவர்க்கடிகார நேரத்தை அல்ல. ஏஜென்ட் இதுவரை எத்தனை முறை தொடங்கியது, கடைசியாகத் தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்ற இரண்டு எண்களை. யாராவது பழைய பாக்கெட்டைப் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்புவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 150 விநாடிக்கு மேல் பிசகினால் தள்ளிவிடும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியதும் ‘தொடங்கிய முறை’ எண் பின்னால் போய்விட்டது. கண்காணிப்பு சர்வர் 47 என்று நினைவில் வைத்திருக்கிறது, பிபிஎக்ஸ் 44 என்கிறது. சர்வர் இதைப் பழைய பாக்கெட் என்று எடுத்துக்கொள்கிறது.

கண்காணிப்பு மென்பொருளை ரீஸ்டார்ட் செய்தால் அதன் நினைவு கழுவப்பட்டுச் சரியாகும். அந்த மென்பொருள் ஸாபிக்ஸ் என்றால் எஸ்என்எம்பி கேஷை மட்டும் புதுப்பிக்கும் கட்டளையும் உண்டு. கண்காணிப்பு சர்வரைத் தொட முடியாவிட்டால், பிபிஎக்ஸில் எஸ்என்எம்பிடி-யை நிறுத்தி, வார்-லிப் டைரக்டரிக்குள் உள்ள எஸ்என்எம்பிடி.கான்ஃப் கோப்பில் ‘என்ஜின்பூட்ஸ்’ வரியின் எண்ணைப் பழையதைவிட அதிகமாக்கிவிட்டுத் தொடங்குங்கள். இடிசி-யில் இருப்பதும் இதே பெயர் கொண்ட கோப்புதான். குழம்பிவிடாதீர்கள்.

இதன் உறவுக்காரப் பிரச்சினை ஒன்று: ஒரு பிபிஎக்ஸைக் குளோன் செய்து இரண்டாவது கிளைக்கு வைப்பது. இரண்டுக்கும் ஒரே என்ஜின் ஐடி (வி3-யில் ஏஜென்ட்டின் அடையாள எண்). கண்காணிப்பு சர்வர் இரண்டையும் ஒரே கருவி என்று நினைத்து, ஒன்றின் பூட்ஸ் எண்ணை மற்றதோடு ஒப்பிட்டு மாறி மாறிப் பிழை காட்டும். குளோனில் சர்வீஸை நிறுத்தி, அந்த வார்-லிப் கோப்பில் ‘ஓல்ட்என்ஜின்ஐடி’ வரியையும் யூசர் வரிகளையும் நீக்கி, யூசரை மறுபடி உருவாக்குங்கள். சாவிகள் என்ஜின் ஐடி-யோடு சேர்த்துத்தான் கணக்கிடப்படுகின்றன, ஐடி மாறினால் பழைய யூசர் செல்லாது.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: சிபியு, டிஸ்க் எல்லாம் வி3-யில் வருகிறது. ஆனால் ஆஸ்டெரிஸ்க்கின் 1.3.6.1.4.1.22736.1.2.5.0 கேட்டால் ‘நோ சச் ஆப்ஜெக்ட்’ என்கிறது.

நீங்கள் கேட்பது நடப்பு அழைப்புகளின் எண்ணிக்கை, எண் சரியானதே. வியூவில் 22736 கிளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வியூவில் இல்லாததைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அது சரியென்றால் ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் ரெஸ்-எஸ்என்எம்பி மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலிலேயே இல்லையென்றால் அதற்கான தனிப் பேக்கேஜை நிறுவ வேண்டும், அல்லது நெட்-எஸ்என்எம்பி டெவலப்மென்ட் லைப்ரரிகளோடு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

மாட்யூல் இருந்தும் வரவில்லையென்றால் பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. ஆஸ்டெரிஸ்க், எஸ்என்எம்பிடி-யோடு பேசுவது ஏஜென்ட்எக்ஸ் சாக்கெட் வழியாக. ரெஸ்-எஸ்என்எம்பி கோப்பில் ‘சப்ஏஜென்ட்’, ‘எனேபிள்ட்’ இரண்டும் ‘எஸ்’ ஆக வேண்டும், எஸ்என்எம்பிடி.கான்ஃப்பில் ‘மாஸ்டர் ஏஜென்ட்எக்ஸ்’ வரி வேண்டும். அதற்குப் பிறகும் ஆஸ்டெரிஸ்க் ரூட் அல்லாத யூசராக ஓடினால் அந்த சாக்கெட்டைத் திறக்க முடியாது. ‘ஏஜென்ட்எக்ஸ்பெர்ம்ஸ்’ வரியில் சாக்கெட்டுக்கு 0660, டைரக்டரிக்கு 0550 கொடுத்து, குரூப்பை ஆஸ்டெரிஸ்க் என்று வையுங்கள். 0777 போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த சாக்கெட்டில் எழுத முடிந்தவர் பொய்யான எண்களையும் ஊட்ட முடியும். ரெட்ஹாட் வகை என்றால் எஸ்இலினக்ஸ் லாக்கையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: அழைப்பு வேறு, சேனல் வேறு. வெளியே பேசும் ஒரு அழைப்புக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு சேனல். 1.3.6.1.4.1.22736.1.5.1.0 காட்டும் சேனல் எண்ணை வைத்து 30 சேனல் பிஆர்ஐ நிரம்பிவிட்டது என்று அலாரம் வைத்தால் பாதி நிரம்பும்போதே அடிக்கத் தொடங்கிவிடும்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: மூன்று கிளைகள், எல்லாமே பிராட்பேண்ட், ஸ்டாடிக் ஐபி கிடையாது. ரவுட்டரில் 161-ஐப் போர்ட் ஃபார்வர்ட் செய்தால் போதும், வி3 இருக்கிறதே என்கிறார் வெண்டர்.

வேண்டாம். வி3 போட்டிருந்தாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் கேட்பவருக்கு ஏஜென்ட் தன் என்ஜின் ஐடி-யைச் சொல்லிவிடும், நெறிமுறையே அப்படித்தான். அதில் எந்த நிறுவனத்தின் கருவி என்பது தெரியும், சிலவற்றில் மேக் முகவரியும் தெரியும். யூசர் பெயர் சரியா தப்பா என்பதைக்கூட வெவ்வேறு பதிலாகச் சொல்லும். இணையத்தில் நாள் முழுக்க ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தப் போர்ட்டைத் திறந்து காட்ட ஒரு காரணமும் இல்லை.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஸாபிக்ஸ் ப்ராக்ஸியை ‘ஆக்டிவ்’ முறையில் வையுங்கள். அது கிளைக்குள் வி3-யில் பிபிஎக்ஸையும் ஸ்விட்சையும் கேட்கும். சேர்த்ததைத் தலைமையகத்தின் டிசிபி 10051-க்குத் தானே அனுப்பும். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் கிளையில் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம், ஐபி மாறினாலும் கவலையில்லை. தலைமையகத்தில் மட்டும் நிலையான முகவரி வேண்டும். இணைப்பை என்கிரிப்ட் செய்ய டிஎல்எஸ் பிஎஸ்கே (முன்பே இரு பக்கமும் பகிர்ந்த சாவி) போடுங்கள்: 64 ஹெக்ஸ் எழுத்து, கிளைக்கு ஒன்று, ஒரே சாவியை மூன்று இடத்திலும் வைக்காதீர்கள். லைன் துண்டித்தாலும் ப்ராக்ஸி தரவைச் சேமித்து வைத்து, வந்ததும் கொடுக்கும். ‘ஆஃப்லைன் பஃபர்’ இயல்பாக ஒரு மணி நேரம்தான், அதை 24 ஆக்குங்கள்.

வெண்டரே உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு விபிஎன் கொடுங்கள், அதற்குள்ளிருந்து பிபிஎக்ஸின் 161-க்கு மட்டும் வழி விடுங்கள். ஆஸ்டெரிஸ்க் மேனேஜர் போர்ட் 5038-ஐ “கண்காணிப்புக்குத்தான்” என்று கேட்பார்கள். முழு உரிமை உள்ள மேனேஜர் லாகினில் அழைப்பே போட முடியும், அது கண்காணிப்பு ஆகாது. யார் எப்போது வந்தார் என்ற விபிஎன், ஃபயர்வால் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு சொல்கிறது. ரவுட்டரின் சொந்த நினைவகத்தில் அத்தனை நாள் நிற்காது, ஒரு சிஸ்லாக் சர்வருக்குத் தள்ளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: சிஸ்கோ காலிங் கிளஸ்டர், ஒரு பப்ளிஷர் (முதன்மை சர்வர்), இரண்டு சப்ஸ்கிரைபர் (துணை சர்வர்கள்). வி3 யூசர் பப்ளிஷரில் வேலை செய்கிறது, மற்ற இரண்டிலும் ‘அன்னோன் யூசர் நேம்’.

யூசரை உருவாக்கும்போது ‘அப்ளை டு ஆல் நோட்ஸ்’ பெட்டியை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். சர்வீசபிலிட்டி பக்கத்தில் எஸ்என்எம்பி, வி3, யூசர் என்று போய் அதே யூசரைத் திறந்து டிக் செய்து சேமியுங்கள். எஸ்என்எம்பி மாஸ்டர் ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும், செய்யலாம், அழைப்புகள் அறுபடாது. உரிமை ‘ரீட் ஒன்லி’, ஹோஸ்ட் பட்டியலில் கண்காணிப்பு சர்வரின் ஐபி. போன் எண்ணிக்கைகள் காலியாக வந்தால் ‘கால்மேனேஜர் எஸ்என்எம்பி சர்வீஸ்’ ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவான போன்கள் 1.3.6.1.4.1.9.9.156.1.5.5.0, பதிவு விட்டுப்போனவை அதே வரிசையில் 6.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: போன வாரம் எஸ்ஐபி ட்ரங்க் (ஐபி வழி வெளி லைன்) இரண்டு மணி நேரம் செத்துக் கிடந்தது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. வாடிக்கையாளர் செல்லில் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்டெரிஸ்க்கின் எஸ்என்எம்பி மாட்யூல் ட்ரங்க் பதிவு நிலையைச் சொல்வதில்லை. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எஸ்என்எம்பிடி.கான்ஃப்பில் ‘எக்ஸ்டெண்ட்’ என்ற வரியில் ஒரு ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தால் அதன் முதல் வரியை எஸ்என்எம்பி வழியே படிக்கலாம். ஆஸ்டெரிஸ்க்கின் எஸ்ஐபி பகுதியான பிஜேசிப்பின் பதிவுப் பட்டியலை எடுத்து, ‘ரெஜிஸ்டர்ட்’ என்று உள்ளவற்றை எண்ணி ஒரே எண்ணை அச்சிடும் ஸ்கிரிப்ட் போதும். அதற்கு ஆர்-ஈ-ஜி என்று மூன்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால், கேட்க வேண்டிய எண் 1.3.6.1.4.1.8072.1.3.2.3.1.1.3.114.101.103. கடைசியில் வரும் 3 பெயரின் நீளம், அடுத்த மூன்றும் அந்த எழுத்துகளின் ஆஸ்கி எண்கள். வியூவில் 1.3.6.1.4.1.8072.1.3.2-ஐச் சேர்க்க மறக்காதீர்கள்.

டெபியனில் எஸ்என்எம்பிடி தனி யூசராக ஓடுவதால் ஆஸ்டெரிஸ்க் கட்டளை மறுக்கப்படும். சுடோவில் அந்த ஒரே கட்டளையை, ஆர்க்யுமெண்டுகளோடு முழுதாக எழுதி அனுமதியுங்கள். ஆஸ்டெரிஸ்க் கட்டளை மொத்தத்துக்கும் அனுமதி கொடுத்தால் அதன் கன்சோலிலிருந்து ஷெல்லுக்கே போகலாம். எழுதும் உரிமையுள்ள எஸ்என்எம்பி யூசர் கூடாது என்று முதல் பதிலில் சொன்னதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. எழுத முடிந்தவர் இந்த எக்ஸ்டெண்ட் அட்டவணையில் புது வரி சேர்த்துத் தனக்கு வேண்டிய கட்டளையை உங்கள் பிபிஎக்ஸில் ஓட்டிக்கொள்ள முடியும்.

ட்ரங்க் ஐபி அடிப்படையில் இருந்தால் பதிவு என்பதே இருக்காது. ‘குவாலிஃபை’ (ஆப்ஷன்ஸ் கோரிக்கை அனுப்பி எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது) 60 விநாடி வைத்து கான்டாக்ட் நிலையை எண்ணுங்கள். சில நிறுவனங்களின் சர்வர் ஆப்ஷன்ஸ் கோரிக்கைக்குப் பதிலே தராது, அங்கே இது பயன்படாது. பதிவு சரியாக இருந்தும் அழைப்பு போகாத நிலையும் உண்டு: பாக்கித் தொகை, அந்தப் பக்கக் கோளாறு. அதைப் பிடிக்க எங்களுக்குப் பிடித்த வழி, கையாளப்பட்ட அழைப்புகளின் கவுன்ட்டரான 1.3.6.1.4.1.22736.1.2.6.0. வேலை நேரத்தில் அது 30 நிமிடம் நகராவிட்டால் அலாரம். உள் அழைப்புகளும், வெளியே போகாமல் தோற்ற முயற்சிகளும் இதில் சேரும் என்பதால் எக்ஸ்டென்ஷனுக்குள் நிறையப் பேசும், அல்லது வெளியே நிறைய அழைக்கும் அலுவலகத்துக்கு இது பொருந்தாது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பழைய இபிஏபிஎக்ஸில் வி2சி மட்டுமே உண்டு. மாற்ற பட்ஜெட் இல்லை.

அதைத் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) போட்டு, அந்த விலானுக்குள் கண்காணிப்பு சர்வரின் ஐபி தவிர யாரும் 161-இல் நுழையாதபடி ஏசிஎல் போடுங்கள். படிக்கும் கம்யூனிட்டியை 20 எழுத்துக்கு மாற்றுங்கள், ‘ப்ரைவேட்’ என்ற எழுதும் கம்யூனிட்டியை நீக்குங்கள். நீக்க விடாத மாடலில் அதற்கும் நீளமான ஒன்றைக் கொடுங்கள். அந்த ஸ்ட்ரிங்கை வேறு எந்தக் கருவியிலும் பயன்படுத்தாதீர்கள், அது கேபிளில் திறந்தேதான் போகிறது.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: கேட்டால் பதில் வருகிறது, ட்ராப் (கேட்காமலே கருவி அனுப்பும் எச்சரிக்கை) மட்டும் வந்து சேரவில்லை. யூடிபி 162 திறந்திருக்கிறது, பாக்கெட் வருவதும் தெரிகிறது.

வி3 ட்ராப்பில் அனுப்புபவரின் என்ஜின் ஐடி-தான் செல்லும். பெறும் சர்வர் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பெறும் பக்கம் எஸ்என்எம்பிட்ராப்டி என்றால் அதன் கோப்பில் யூசரை உருவாக்கும் வரியில் ‘மைனஸ் ஈ’ போட்டு பிபிஎக்ஸின் என்ஜின் ஐடி-யை ஹெக்ஸில் கொடுங்கள். ‘ஆத்யூசர் லாக்’ வரியும் வேண்டும், இல்லாவிட்டால் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தபின் சத்தமில்லாமல் போட்டுவிடும். என்ஜின் ஐடி 1.3.6.1.6.3.10.2.1.1.0-இல் கிடைக்கும். பத்துப் பதினைந்து பிபிஎக்ஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இப்படி எழுதுவது தொல்லை. கருவி ஆதரித்தால் ட்ராப்புக்குப் பதில் ‘இன்ஃபார்ம்’ அனுப்பச் சொல்லுங்கள். அதில் பெறுபவரின் என்ஜின் ஐடி செல்லும், அனுப்புபவரே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார், பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பிப் பார்ப்பார்.